அஞ்சாளை ஏன் வாயை மூடுவதே இல்லை?

கொழும்புப் பக்கம் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று ரயில் பாதையை ஒட்டிப் போகும் கரையில், தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நீளமாக, வழுவழுவென்று ஏதாவது ஒன்று கருங்கல்லுக்குள் கிடந்துவிட்டால் போதும், அன்றிரவே அதன் படம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். படத்தோடு மூன்று செய்திகளும் வரும். அது கடற்பாம்பு. கடித்தால் ஆள் தப்பாது. அதன் தொண்டைக்குள் இன்னொரு வாய் இருக்கிறது.

முதலாவது சில வேளை சரி, பல வேளை பிழை. இரண்டாவது, படத்தில் இருப்பது அஞ்சாளை என்னும் விலாங்கு வகைக் கடல் மீன் என்றால், பிழை. மூன்றாவது உண்மை. நம்பவே முடியாதது போலத் தெரிகிற அந்த ஒன்று உண்மையாக இருப்பதால்தான் மற்ற இரண்டையும் சேர்த்து நம்பிவிடுகிறோம்.

அஞ்சாளை எப்படி மூச்சு விடுகிறது, எப்படி இரை பிடிக்கிறது, அதனால் சுழியோடிக்கும் மீன் வாங்குபவருக்கும் என்ன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். ஒரு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் இலகு: இடுக்கு. இந்த மீனிடம் விசித்திரமாகத் தெரிகிற ஏறக்குறைய எல்லாமே, கல்லிடுக்குக்குள் குடியிருந்து அதற்குள்ளேயே வேட்டையும் ஆடுவதால் வந்தவை.

## பாம்பா, மீனா?

விலாங்கு என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆற்றிலும் குளத்திலும் இருக்கும் நீள மீன். ஆளுக்கொரு முகம் காட்டுபவரைப் பார்த்து, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று சொல்வதும் அதை வைத்துத்தான். அஞ்சாளை அந்த விலாங்கின் கடல் உறவினர். ஆங்கிலத்தில் மொரே என்பார்கள்; அது போர்த்துக்கேயரின் ‘மொரெயா’விலிருந்து போன சொல், அதற்கும் மூலம் லத்தீனின் ‘முரேனா’. சிங்களத்தில் விலாங்கு வகைகளுக்குப் பொதுவாக ‘ஆந்தா’.

உலகில் ஏறத்தாழ 200 அஞ்சாளை இனங்கள் இருக்கின்றன. ஒரு சாண் நீளத்தோடு வளர்ச்சி நின்றுவிடுபவையும் உண்டு. இராட்சத அஞ்சாளை 3 மீட்டர் நீளமும் 30 கிலோ எடையும் வரை போகும். அதைவிட நீளமானது ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 4 மீட்டர். ஆனால் மெலிந்த உடம்பு, சேற்றுத் தரையிலும் கழிமுகங்களிலும் வாழ்வது.

கடற்பாம்பிலிருந்து அஞ்சாளையைப் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் போதும்:

1. செவுள் துளை. அஞ்சாளையின் தலைக்குப் பின்னால் இரு பக்கமும் சிறிய வட்டத் துளை ஒன்று இருக்கும். பாம்புக்கு அது கிடையாது. பாம்புக்கு நுரையீரல், மூச்சுக்கு நீரின் மேற்பரப்புக்கு வந்தே ஆக வேண்டும்.

2. தோல். அஞ்சாளைக்குச் செதில் இல்லை, உடம்பெல்லாம் வழுவழுப்பு. கடற்பாம்பின் உடம்பில் செதில்கள் தெளிவாகத் தெரியும்.

3. செட்டை. பெரும்பாலான அஞ்சாளைகளுக்குத் தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கும் முதுகுச் செட்டை, வாலைச் சுற்றி வயிற்றுப்புறத்துக்கு ஒரே நாடாவாகத் திரும்பும். கடற்பாம்புக்கு முதுகில் எதுவும் இல்லை. வால் மட்டும் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும்.

இந்த வித்தியாசம் வெறும் பெயர்ச் சண்டை அல்ல. கடற்பாம்புகளின் விஷம் உண்மையானது. வலைகடியன் என்று கடற்றொழிலாளர் சொல்லும் இனம் வலையில் சிக்கி வரும்போது கையில் கடித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே இன்னதென்று தெரியாத நீளமான ஒன்றை, செத்துக் கிடந்தாலும், கையால் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம்.

## இடுக்குக்கு அளவெடுத்த உடம்பு

ஒரு சாதாரண மீனை எடுத்து, அது கல்லிடுக்குக்குள் நுழைந்து திரும்பாமலே பின்னோக்கி வெளியே வர வேண்டும் என்றால் எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் செட்டைகள் முதலில் போக வேண்டும். அஞ்சாளைக்கு மார்புச் செட்டையும் இல்லை, வயிற்றுச் செட்டையும் இல்லை. கல்லில் சிக்கிப் பிய்யும் செதில்களுக்குப் பதில் தடித்த தோலும் அதன் மேல் சளிப் படலமும். நூற்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகளால் ஆன முதுகெலும்பு எப்படியும் வளையும். முன்னோக்கி நீந்துவது போலவே பின்னோக்கியும் நீந்தும்.

கன்னத்தில் உள்ள செவுள் மூடியும் சிக்கும் இடம்தான். மற்ற மீன்களின் செவுளை, பூ என்று சொல்லி, நாம் சந்தையில் மூடியைத் தூக்கிப் பார்ப்போமே, அப்படித் தூக்கிப் பார்க்க அகலமான மூடி அஞ்சாளைக்கு இல்லை. முன்பு சொன்ன சிறு துளை மட்டும்தான். இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது. துளை சிறிதாகிவிட்டதால் செவுளின் வழியே போதிய நீரைச் செலுத்த, வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, ஒரு பம்பு போல வேலை வாங்க வேண்டியிருக்கிறது. பல்லெல்லாம் தெரிய, உங்களையே பார்த்து வாய் பிளக்கும் அந்த அஞ்சாளை பெரும்பாலும் மூச்சுத்தான் விடுகிறது. மிரட்டுவதற்கும் அது வாய் பிளக்கும். ஆனால் ஒரே தாளத்தில் திறந்து மூடிக்கொண்டிருப்பது மிரட்டல் இல்லை.

பகலில் பொந்தில் இருந்தபடி தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதும், இரவில் வெளியேறி வேட்டையாடுவதும் பெரும்பாலான அஞ்சாளைகளின் வழக்கம். இருட்டில் கண்ணால் அதிகம் பயன் இல்லை. மூக்கு நுனியில் சிறு குழாய்கள் போல் நீட்டிக்கொண்டிருப்பவை நாசித் துளைகள். மோப்பம்தான் இதன் முதல் ஆயுதம். கிளி மீன்களில் சில, இரவில் தூங்குமுன் தம்மைச் சுற்றிச் சளியால் ஓர் உறை கட்டிக்கொள்கின்றன. மணம் வெளியே போகாமல் அஞ்சாளையிடமிருந்து தப்பிக்கவே அது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2011இல் வந்த ஆய்வொன்று, இரத்தம் குடிக்கும் சிறு ஒட்டுண்ணிகளைத் தடுக்க அந்த உறை உதவுகிறது என்று காட்டியது. ஆக, அஞ்சாளையின் மூக்குக்குக் கொடுத்த பெருமையில் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. மூக்கு கூர்மையானது என்பதில் மாற்றம் இல்லை.

இப்படி வாயைத் திறந்தே வைத்திருப்பதால் வேறொரு தரப்புக்கும் வசதி. துப்புரவு இறால்களும் துப்புரவு மீன்களும் அந்தப் பற்களுக்கு நடுவே போய், ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் கொறித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்புகின்றன. இறால் சாப்பிடும் அஞ்சாளைகூட அந்த நேரத்தில் வாயை மூடுவதில்லை.

## உறிஞ்சத் தெரியாத வாய்

இரண்டாவது தாடை ஏன் தேவைப்பட்டது என்று புரிய, மற்ற மீன்கள் எப்படிச் சாப்பிடுகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

குளத்து மீனுக்குப் பாண் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மீன் அதைக் கடிக்காது. அருகில் வந்து வாயைச் சட்டென்று திறக்கும். பாண் துண்டு தானாகவே உள்ளே போய்விடும். நடப்பது இதுதான்: மீன் தன் வாய்க்குழியையும் கன்னத்தையும் ஒரு நொடிக்குள் விரிக்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் நீர் இரையையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. எலும்புள்ள மீன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் உறிஞ்சி உண்கின்றன. வாய்க்குள் வந்த இரையைத் தொண்டைக்குத் தள்ளுவதும் அதே நீரோட்டம்தான்.

அஞ்சாளைக்கு இந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. தலை ஒடுக்கம், விரிப்பதற்குக் கன்னம் இல்லை. அப்படியே விரித்தாலும், இரண்டு பக்கமும் கல் இருக்கும் பொந்துக்குள் எங்கே விரிப்பது? ஆகவே அது கடித்துத்தான் பிடிக்க வேண்டும். கடித்துப் பிடித்தாயிற்று. அப்புறம்? பல்லில் தொங்கும் இரையை உள்ளே கொண்டுபோக நீரோட்டமும் இல்லை, பிடித்துத் தள்ளக் கையும் இல்லை. பிடியை விட்டால் இரை ஓடிவிடும்.

இதே சிக்கல் பாம்புக்கும் உண்டு. பாம்பு தன் தாடையின் இடது பாதியையும் வலது பாதியையும் மாறி மாறி முன்னே நகர்த்தி, இரையின் மேல் நடப்பது போல ஏறி விழுங்குகிறது. அஞ்சாளை கண்ட வழி வேறு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேக ஒளிப்பதிவு மூலமும் எக்ஸ்ரே மூலமும் இதைப் பதிவு செய்து 2007இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட வரிசை:

1. முன் தாடை இரையைக் கவ்வுகிறது. அதன் வேலை பிடித்து வைப்பது மட்டும்.

2. மண்டையோட்டுக்குப் பின்னால், தொண்டையில் ஓய்வாக இருக்கும் இரண்டாவது தாடைகளை நீண்ட தசைகள் முன்னோக்கி இழுக்கின்றன. அவை வாய்க்குழிக்குள் வந்து சேர்கின்றன.

3. அந்தத் தாடைகளில் கொக்கி போல வளைந்த பற்கள். அவை விரிந்து இரையைப் பிடிக்கின்றன. இப்போது முன் தாடை பிடியைத் தளர்த்தலாம்.

4. தொண்டைத் தாடைகள் இரையோடு பின்னோக்கிச் சுருங்கி, அதை உணவுக்குழாய்க்குள் இழுத்துவிடுகின்றன. இரை பெரிதாக இருந்தால் முன் தாடை மறுபடி கவ்வ, இதே சுற்று மீண்டும்.

ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எட்டிப் பிடித்து இழுக்கும் கிணற்று வேலை போன்றது இது. எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பிடி இரையில் இருந்துகொண்டே இருக்கும்.

இங்கே இரண்டு திருத்தம் சொல்லியாக வேண்டும். இணையத்தில் சுற்றும் வரைபடங்கள் சிலவற்றில் உள்வாய், வெளிவாயைத் தாண்டி நீண்டு வந்து கடிப்பது போலக் காட்டியிருக்கும். அது கற்பனை, தொண்டைத் தாடைகள் வாய்க்குழிக்குள் வருமே தவிர, உதட்டைத் தாண்டி வெளியே பாயாது. இன்னொன்று, தொண்டைத் தாடை அஞ்சாளைக்கு மட்டும் உரியது அல்ல. நம் குளங்களில் உள்ள திலாப்பியாவுக்கும் உண்டு. ஆனால் அது தொண்டையிலேயே இருந்து உணவை அரைக்கும் அம்மி. அஞ்சாளை அதே உறுப்பை இவ்வளவு தூரம் முன்னே ஓட விட்டதுதான் புதுமை.

இவற்றோடு, பல அஞ்சாளைகளின் வாய்க்கூரையில் நடுவே வரிசையாக நீண்ட பற்கள் இருக்கின்றன. உள்நோக்கி அழுத்தினால் மடியும், வெளிநோக்கி மடியாது. உள்ளே வரும் இரைக்கு வழிவிட்டு, வெளியே போக முயலும் இரைக்குக் குத்தி நிற்கும் கதவு.

## பல்லைப் பார்த்தால் சாப்பாடு தெரியும்

எல்லா அஞ்சாளைகளும் ஒரே சாப்பாட்டுக்காரர்கள் அல்ல. மீன், பேய்க்கணவாய் போன்ற மெத்தென்ற இரையைத் தின்பவற்றுக்கு ஒடுங்கிய நீண்ட தாடையும் ஊசிப் பற்களும். நண்டு போன்ற ஓடுள்ள இரையைத் தின்பவற்றுக்குக் குட்டையான, பலமான தாடையும் கூழாங்கல் போல மழுங்கிய பற்களும். கறுப்பு வெள்ளை வரிகள் கொண்ட வரிக்குதிரை அஞ்சாளை, வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள் தெறித்த பனித்துளி அஞ்சாளை ஆகிய இரண்டும் நண்டுக்காரர்கள்.

விழுங்க முடியாத அளவுக்கு இரை பெரிதாக இருந்தால்? இங்கே மெலிந்த உடம்பு ஒரு புது வசதியைத் தருகிறது. அஞ்சாளை தன் வால் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை உடம்பு வழியே தலைவரை நகர்த்துகிறது. முடிச்சு இரையில் முட்டும்போது, அதையே தாங்கலாக வைத்துத் தலையைப் பின்னே இழுத்தால் இரை பிய்ந்து வரும். பேய்க்கணவாய் தன் கைகளால் தலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாலும் இதே முடிச்சை முன்னே ஓட்டி உருவி எறியும். சில வேளை முதலையைப் போல உடம்பை முறுக்கிச் சுழன்றும் பிய்க்கும். கையும் காலும் இல்லாத உயிர் தன் உடம்பையே கயிறாகவும் கயிற்றின் முடிச்சாகவும் ஆக்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

கரை நண்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். புள்ளி அஞ்சாளை என்று சொல்லத்தக்க ஓர் இனம், அலையடிக்கும் பாறையில் திரியும் நண்டைப் பிடிக்க நீரை விட்டே வெளியே பாயும். நீர் இல்லாத இடத்தில் உறிஞ்சி உண்ணும் மீன் பிடித்த இரையை விழுங்க முடியாமல் திண்டாடும். பெரும்பாலும் திரும்ப நீருக்குத்தான் போக வேண்டும். அஞ்சாளைக்கு நீரே தேவையில்லை, தொண்டைத் தாடை இருக்கிறது. பயிற்றப்பட்ட பனித்துளி அஞ்சாளைகள் சாய்தளத்தில் ஏறி, உலர்ந்த இடத்திலேயே கணவாய்த் துண்டைக் கவ்வி விழுங்கியதை மேத்தாவின் இன்னொரு ஆய்வு 2021இல் பதிவு செய்தது. இடுக்குக்காக உருவான ஒன்று தரையிலும் உதவியிருக்கிறது.

இவ்வளவு ஆயுதங்கள் இருந்தும் இது பெருந்தீனிக்காரன் அல்ல. பிடிபட்ட அஞ்சாளைகளின் வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வுகளில் பல வயிறுகள் வெறுமையாகவே இருந்திருக்கின்றன. ஒரு முறை பெரிதாக விழுங்கிவிட்டு நாட்கணக்கில் பொந்தில் கிடப்பது இதன் பாணி.

## களவா மீன் வந்து தலையை ஆட்டினால்

அஞ்சாளை பற்றித் தெரிந்தவற்றில் என்னைக் கேட்டால் மிக ஆச்சரியமானது தாடை அல்ல, இதுதான்.

செங்கடலில், எகிப்தின் ராஸ் முகம்மத் பகுதி முருகைக்கற்பாறைகளில், ரெதூவான் ப்ஷாரியும் உடன் ஆய்வாளர்களும் களவா இன மீன் ஒன்றைப் பின்தொடர்ந்தார்கள். 2006இல் வெளியான அவர்களுடைய முடிவு மீன்களின் அறிவைப் பற்றிய பேச்சையே மாற்றியது. களவா பகலில், திறந்த நீரில் துரத்தி வேட்டையாடும். அதற்குத் தப்ப, சிறு மீன்கள் கல்லிடுக்குக்குள் ஓடி ஒளியும். களவாவின் பருத்த உடம்பு அதற்குள் நுழையாது. அப்போது அது என்ன செய்கிறது?

பக்கத்தில் இராட்சத அஞ்சாளை ஓய்வெடுக்கும் பொந்துக்குப் போய், அதன் முகத்துக்கு மிக அருகில் நின்று, தலையை வேகமாக ஆட்டுகிறது. அஞ்சாளை பல தடவை பொந்தை விட்டு வெளியே வந்து களவாவுடன் சேர்ந்து நீந்துகிறது. இடுக்குக்குள் அஞ்சாளை தேடப் புகுந்தால் ஒளிந்திருக்கும் மீன் வெளியே பாய்கிறது, அங்கே களவா காத்திருக்கிறது. வெளியே பாயாவிட்டால் அஞ்சாளையின் வாயில். களவா பசியோடு இருக்கும்போது இந்தத் தலையாட்டல் கூடுகிறது என்பதையும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள்.

2013இல் வந்த இன்னொரு ஆய்வு மேலும் ஒரு படி போனது. இரை ஒளிந்த இடுக்குக்கு மேலே களவா தலைகீழாக நின்று, தலையை ஆட்டி, அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. ‘வா’ என்பதற்கு ஒரு சைகை, ‘இங்கே’ என்பதற்கு இன்னொன்று. சுட்டிக்காட்டுவது மனிதருக்கும் சில குரங்கினங்களுக்கும் பறவைகளுக்கும் மட்டும் வரும் என்று நினைத்திருந்த காலத்தில், நாம் மீன் சந்தையில் விலை பேசும் களவா அதைச் செய்கிறது என்றால் யோசிக்க வேண்டிய விடயம்தான்.

இந்தக் கூட்டு ஏன் கலைந்துபோவதில்லை? பங்கு பிரிக்கும் சண்டை இதில் இல்லை. இரண்டும் இரையை முழுதாக விழுங்குபவை. யார் பிடிக்கிறாரோ அவருக்கே முழுவதும். மற்றவர் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்று வெளியில் திறமைசாலி, மற்றது உள்ளே திறமைசாலி என்பதால் இரண்டுக்குமே தனியாகப் போவதைவிட லாபம். இழப்பு எல்லாம் நடுவில் அகப்படும் சிறு மீனுக்கு: வெளியே நின்றால் களவா, உள்ளே புகுந்தால் அஞ்சாளை.

## கடிபடுவது யார்?

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் உரோமாபுரியில் வேடியஸ் பொல்லியோ என்ற செல்வந்தர், கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்த அடிமையை முரேனாக்கள் இருந்த தன் மீன்குளத்தில் தள்ளச் சொன்னார் என்றும், விருந்துக்கு வந்திருந்த பேரரசர் அகஸ்டஸ் தடுத்து, மீதமிருந்த கிண்ணங்களையும் உடைக்க வைத்தார் என்றும் பழைய எழுத்தாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆள்தின்னி என்ற பெயர் அஞ்சாளைக்கு அப்போதே ஒட்டிக்கொண்டது. அந்தக் கதையில் கொடூரமானவர் மீன் இல்லை என்பது வேறு விடயம்.

மனிதன் இதற்கு இரை அல்ல. கடி விழுவது அனேகமாக மூன்று வழிகளில்:

1. சிங்க இறாலோ பேய்க்கணவாயோ தேடி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் பொந்துக்குள் கை விடுவது. இடுக்கு அதன் வீடு. கையை அது அந்நியனாகப் பார்க்கும் அல்லது சாப்பாடாக எண்ணும்.

2. ஈட்டியால் குத்திய மீனை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நீந்துவது. மோப்பக்காரனுக்கு அது அழைப்பிதழ்.

3. கையால் ஊட்டுவது. சுற்றுலாப் பயணிகளை மகிழ்விக்க அஞ்சாளைக்கு மீன் துண்டோ சொசேஜோ கொடுக்கும் பழக்கம் சில நாடுகளில் இருந்தது. கண் மங்கலான, மணத்தை நம்பும் மீனுக்கு மீன் வாடை படிந்த விரலுக்கும் மீன் துண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பெருவிரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடியில் பாம்பு விஷம் போன்ற ஒன்று இல்லை. ஆனால் பின்னோக்கி வளைந்த பற்கள் என்பதால் பதறிக் கையை இழுத்தால் சதை கிழிந்துகொண்டு வரும். காயம் ஆழமாகவும் கந்தலாகவும் இருக்கும். கடல் பக்றீரியாக்களால் தொற்று எளிதில் ஏற்படும். இரத்தத்தை அழுத்தி நிறுத்தி, காயத்தை நன்றாகக் கழுவி, தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஏற்பூசி, கிருமிக்கொல்லி மருந்து, நரம்பு தசைநார் சேதம் பற்றியெல்லாம் அவர்தான் பார்க்க வேண்டும்.

## சட்டியிலும் தொட்டியிலும்

கடியைவிட அஞ்சாளையால் வரக்கூடிய பெரிய தீங்கு, அதை நாம் கடிப்பதால் வருவது. வெப்பக் கடல்களில் பாறையிலும் செத்த முருகைக்கற்களின் மேலும் படரும் பாசிகளில் ஒரு நுண்ணுயிர் வாழ்கிறது. அது உருவாக்கும் நச்சு, பாசி மேயும் சிறு மீனுக்குப் போகிறது. அதைத் தின்னும் மீனுக்கு, அதையும் தின்னும் மீனுக்கு என்று உணவுச்சங்கிலியில் ஏற ஏறச் செறிவு கூடுகிறது. மேல் படியில் நெடுங்காலம் வாழும் பெரிய அஞ்சாளையின் உடம்பில், குறிப்பாக ஈரலில், அது சேர்ந்துவிடும். இதனால் வருவதுதான் சிகுவாட்டெரா என்னும் நச்சுணவு நோய். வாந்தி, வயிற்றோட்டம், உதட்டிலும் விரல்களிலும் விறுவிறுப்பு. சிலருக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போலத் தோன்றும்.

மீனைப் பார்த்தோ முகர்ந்தோ இந்த நச்சைக் கண்டுபிடிக்க முடியாது. புளி போட்டு ஆணம் வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும், கருவாடு போட்டாலும் அது அழியாது. பசிபிக் தீவுகளில் கொடிய சிகுவாட்டெரா நோய்களுக்கு இராட்சத அஞ்சாளை பேர்போனது. பேலியகொடைச் சந்தையில் அறுக்குளாவும் பாரையும் இருக்கும்போது இந்த மீனின் பெரிய துண்டைத் தேடிப்போக நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தொட்டிக்கு வருவோம். பனித்துளி அஞ்சாளை அலங்கார மீன் வியாபாரத்தில் நன்கு விலைபோகும் இனம். மீன்களை அதிகம் தொந்தரவு செய்யாது, இறாலையும் நண்டையும் விட்டுவைக்காது. வளர்ப்பவருக்கு வரும் முதல் அதிர்ச்சி, காலையில் மீன் தரையில் கிடப்பது. உடம்பு நுழையும் எந்த ஓட்டையும் இதற்கு வாசல்தான். மூடியில் குழாய் போகும் துளையைக்கூட விடாது. ‘நன்னீர் அஞ்சாளை’ என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் கழிமுக இனங்கள். நன்னீரில் சில காலம் தாக்குப்பிடிக்கும். பிறகு சாப்பாட்டை நிறுத்தி மெலிந்து போகும். உப்புக் கலந்த நீர் அவற்றுக்குத் தேவை. தேன்கூட்டு அஞ்சாளைக் குட்டியைப் பார்த்து மயங்குபவர்கள் அது இரண்டு மீட்டரைத் தாண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

## கொழும்புக் கடலில்

கொழும்புக்கு வெளியே கடலடியில் பெரும்பாலும் இருப்பது மணற்கல் பாறைத்தொடர்கள். அவற்றின் வெடிப்புகளும் குடைவுகளும் அஞ்சாளைக்கு வேண்டிய அளவு இடம் தருகின்றன. அதோடு மூழ்கிய கப்பல்கள். முதலாம் உலகப் போரில் வுல்ஃப் என்ற ஜேர்மன் கப்பல் இங்கே கண்ணிவெடிகளை இட்டுச் சென்றது. 1917 பெப்ரவரியில் வோர்செஸ்டர்ஷயர், பேர்சியஸ் என்ற இரு கப்பல்கள் அவற்றில் மோதி மூழ்கின. நூறு ஆண்டுக்குப் பின் அந்த இரும்புக் குழாய்களும் அறைகளும் கடலுயிர்களுக்குக் குடியிருப்பு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மேற்குக் கரைக் கடல் தெளியும் காலத்தில் சிதைவுகளைப் பார்க்கப் போகும் சுழியோடிகள், வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள் நிறைந்த தேன்கூட்டு அஞ்சாளை தகட்டுக்கு நடுவிலிருந்து தலை நீட்டுவதைக் காண்பதுண்டு.

ஆனால் சுழியோடி காண்பது எப்போதும் குறைவு. பகலில் நீந்திப்போய் மீன்களை எண்ணும் கணக்கெடுப்புகளில், பொந்துக்குள் இருக்கும் அஞ்சாளைகள் விடுபட்டுப்போகின்றன. கரிபியன் பகுதியில் ஒளிந்திருக்கும் மீன்களையும் வெளிக்கொணர்ந்து எண்ணியபோது, கண்ணால் எண்ணியதைவிட அஞ்சாளைகள் மிக அதிகமாக இருந்தது தெரியவந்தது. ஒரு பாறைத்தொடரில் எத்தனை இரைகௌவிகள் இருக்கின்றன, சிறு மீன்களின் எண்ணிக்கையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று கணக்குப் போடும்போது இதனால் கணக்கே பிசகும். களவாவைப் பிடித்துத் தீர்த்துவிட்ட பாறையில் அஞ்சாளை மட்டும் மிஞ்சி நிற்கலாம். அதைக் கூப்பிட வருவதற்கு ஆள் இருக்காது.

கடைசியாக, அந்த அஞ்சாளை கொழும்பில் பிறந்ததா என்ற கேள்வி. அனேகமாக இல்லை. முட்டையிலிருந்து வரும் குடம்பி, கண்ணாடி போன்ற, தட்டையான இலை வடிவம். பாம்புச் சாயலே கிடையாது. பெற்றோரின் பாறையை விட்டு நீரோட்டத்தோடு திறந்த கடலுக்குப் போய், மாதக்கணக்கில் மிதக்கிறது. மஞ்சள் விளிம்பு அஞ்சாளை, அலைவரி அஞ்சாளை ஆகிய இரண்டு இனங்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, ஆபிரிக்கக் கரையிலிருந்து பசிபிக்கின் மறுகோடி வரை அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவ்வளவு தூரம் குடம்பிகள் கலக்கின்றன. மிதந்து வந்தது ஒரு பாறையை எட்டியதும் உடம்பு சுருங்கி, தடித்து, நிறம் ஏறி, நாம் அறிந்த உருவத்துக்கு மாறுகிறது. மாறியதும் அது தேடுவது தன் உடம்பு நுழையும் அளவிலான ஒரு பொந்து.